நாற்பது நாள் பூட்டிய டிரம்பெட்

செபாஸ்தியம்மாளுக்கு நாற்பத்து நான்கு வயது. தாடிக்கொம்பு பக்கத்து நூற்பாலை ஒன்றில் நூலைக் கோனில் சுற்றும் வேலை. ஆறு வருடத்துக்கு முன் ஊர்க் கோயில் பேண்டில் டிரம்பெட்டுக்கு ஆள் இல்லாமல் போனபோது, "நான் ஊதுறேன்" என்று தானாகப் போய் நின்றாள். முதல் மூன்று மாதம் வெறும் காற்றுதான் வந்தது. அடுத்த மூன்று மாதம் வந்த சத்தத்துக்கு அந்தக் காற்றே தேவலை என்றார்கள் பக்கத்து வீட்டார். ஷிப்டு முடிந்து வந்து, உலையை வைத்துவிட்டு, அரிசி வேகும் வரை ஊதுவாள். சில நாள் சோறு குழைந்தது. அவள் மட்டும் விடவில்லை.

அந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று பேண்டு சாமான்களைத் துடைத்துக் கோயில் அறையில் பூட்டினால், ஈஸ்டர் காலையில்தான் திறப்பார்கள். தவக்காலத்தில் மேளதாளம் ஆகாது. பங்குக் கோயில் வேறு ஊரில் இருக்கும் கிளைக் கிராமம் என்பதால், ஈஸ்டர் இரவுப் பூசையை அங்கே முடித்துவிட்டுச் சாமியாரும் காலையில்தான் இங்கே வருவார். தவக்காலம் முழுக்கப் பாடாத வானவர் கீதம் அந்தப் பூசையில் தொடங்கும்போது ஒற்றை டிரம்பெட் முதலில் எழும்ப வேண்டும். அப்புறம்தான் மணியும் மற்ற வாத்தியங்களும்.

போன ஈஸ்டரில் அந்த இடத்தில்தான் மானம் போனது. கல்யாணம், கருமாதி என்று வருடம் முழுக்க ஊதுகிறவர்களுக்கு உதடு இறுகிக் கிடக்கும். கோயிலில் மட்டும் ஊதுகிறவளுக்கு நாற்பது நாளில் இளகிப்போயிற்று. மூன்றாவது சுரம் பிளந்துகொண்டது. பீடத்தில் பூசைக்கு உதவும் பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாள். செபாஸ்தியம்மாள் கூடத்தைக் குறை சொல்லவில்லை.

இந்த வருடம் சாம்பல் புதனுக்கு முந்தின நாள், பேண்டு மாஸ்டர் ஆண்டனிராஜ் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். பிளம்பர், அவளைவிடப் பத்து வயது இளையவன்.

"அக்கா, கோவிச்சுக்கிறாதீங்க. ஈஸ்டருக்கு டவுன்லருந்து செழியன்னு ஒரு ஆளைச் சொல்லியிருக்கேன். நீங்க பின்னாடி சேந்து ஊதுங்க."

ஆறு வருடம் ஊதியது பின்னால் நிற்கவா?

"ஒரே ஒருக்கா விட்டுப் பாரு அப்பு."

அவன் மறுபடி தலையைச் சொறிந்தான். "சரி, நீங்களே எடுங்க. செழியன் பக்கத்துல நிப்பாரு. தடுமாறுனா அவரு எடுத்துக்கிருவாரு."

அன்று சாயங்காலமே, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாரிடம் போனாள். டிரம்பெட்டின் ஊதுவாயை மட்டும் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"குழலைத் தொட மாட்டேங்கய்யா. இதை மட்டும் கொண்டுபோகட்டுமா?"

உபதேசியார் வாங்கித் தானே ஊதிப் பார்த்தார். கொசு அளவுக்குக்கூடச் சத்தம் வரவில்லை. "இது மேளதாளத்துல சேராது தாயி, கொண்டு போ" என்றார்.

நாற்பது நாளும் டீ நேரத்தில் மெஷின் இரைச்சலுக்கு நடுவே ஊதினாள். யாருக்கும் கேட்காது, அவளுக்கே கேட்காது. உதட்டின் அதிர்வுதான் கணக்கு. ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்த வெள்ளிக்கிழமைகளில் தலை சுற்றும், தூணில் சாய்ந்து ஊதுவாள். சூப்பர்வைசர் மகேஸ்வரி ஒரு நாள் பார்த்துவிட்டு, "ஏன்க்கா, பல்வலியா?" என்று கத்தினாள்.

"இல்லம்மா, தவசு!"

பாராட்டு இல்லை, பார்ப்பார் இல்லை, தன் சத்தம் தன் காதுக்கே இல்லை. அப்படியும் ஒருத்தி ஊதினாள் என்றால் அவளைக் கும்பிடத்தான் வேண்டும்.

ஈஸ்டர் காலையில் அறையைத் திறந்தார்கள். செழியன் வெள்ளைச் சட்டையில் அவளை ஒட்டி வந்து நின்றான். சாமியார் வானவர் கீதத்தின் முதல் அடியை எடுத்துக் கொடுத்ததும், அவன் தன் டிரம்பெட்டை உதட்டில் வைத்துத் தயாரானான். அவள் தடுமாறும் நொடிக்காக அது அங்கே இருந்தது. கண்ணை மூடாமல் ஊதினாள்.

முதல் சுரம். இரண்டாவது. மூன்றாவது லேசாகப் பிசிறியது. உதட்டை இறுக்கிப் பிடித்து மேலே ஏற்றினாள். பிசிறு நீங்கிச் சத்தம் ஓட்டுக்கூரையில் போய் முட்டியது. மணிகள் அதிர்ந்தன.

கடைக்கண்ணில் பார்த்தாள். செழியன் டிரம்பெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பாட்டின் வரிகள் தெரியாவிட்டாலும், சனத்தோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தான்.