அக்காவின் படத்துக்கு ஒரு லென்ஸ்

கல்யாணத் தரகர் அண்ணாச்சி அக்காவின் படத்தைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்த அன்றுதான் எனக்கு லென்ஸ் பைத்தியம் பிடித்தது. அதுவரை ஃபிலிம் கேமரா எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. ஆற்றங்கரைக்குப் போய் ரெண்டு மருத மரத்தையும் குளிக்கிற எருமையையும் எடுத்துவிட்டு வருவேன். யாருக்கும் உபகாரமும் இல்லை, உபத்திரவமும் இல்லை.

"தம்பி, இது போன்ல எடுத்ததுல்லா? மூக்கு மட்டும் முன்னால வந்து நிக்கி. கன்னத்து மங்கு வேற கறுப்பா அப்படியே அப்பிக் கெடக்கு. இதை நான் எவன்ட்டக் கொண்டு காட்ட?" என்றார்.

அக்கா அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவே ஒரு சேலைத் திரைதான். கேட்காமலா இருந்திருக்கும்? டம்ளரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து, "சீனி போதுமா அண்ணாச்சி?" என்று கேட்டாள். அந்தக் காபியை அப்படியே அவர் தலையில் ஊற்றியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.

அக்காவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு பாளையங்கோட்டையில் வாடகை வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் மருந்துக்கடையில் பில் போடுகிறாள். நான் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை பார்க்கிறேன். ஊரில் உள்ள அத்தனை பேருடைய 'நிகழும் மங்களகரமான' எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் போகும். எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒன்று அடிக்க வாய்க்கவில்லை.

அவளுக்கே கல்யாண ஆசை விட்டுப்போயிருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் நல்ல மழை, கரண்டு போய்விட்டது. இருட்டில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருக்கும்போது, "எனக்குன்னு ஒரு ஆளு வேணும்னு இருக்குலே" என்றாள். அழவில்லை, குரல்கூட மாறவில்லை. தேங்காய் வாங்க வேண்டும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். மறுநாளே தரகரைப் போய்ப் பார்த்தேன்.

அவர் படம் சரியில்லை என்றதும் முதலில் ஸ்டூடியோவுக்குத்தான் கூட்டிப்போனேன். ஸ்டூடியோக்காரர் எடுத்ததென்னவோ ஒரு நொடி, கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தேய்த்தது ஒரு மணி நேரம். மங்கைத் தேய்த்தார், கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைத் தேய்த்தார், கன்னத்துக்கு ரோஸ் நிறம் வேறு பூசினார். அக்கா எட்டிப் பார்த்தாள். "யாரு இது? சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கா. இவளை எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். எனக்கும் அந்தப் படத்தைப் பார்க்க எரிச்சல்தான் வந்தது. அக்காவைத் தேய்த்து அழிப்பதற்குக் காசு வேறு.

அன்றைக்கு எனக்கு ஒரு வீம்பு வந்தது. நானே எடுக்கிறேன். ஒரு புள்ளி கூட்டாமல், ஒரு புள்ளி குறைக்காமல் அக்காவை அக்காவாக எடுத்துக் காட்டுகிறேன், பார்ப்போம்.

போனைக் கிட்டே கொண்டுபோய் எடுத்தால் எப்பேர்ப்பட்ட மூக்கும் புடைத்துக்கொண்டுதான் தெரியும். முகத்தை எடுப்பதற்கென்றே கொஞ்சம் நீளமான லென்ஸ்கள் உண்டு. தள்ளி நின்று எடுக்கலாம், மூக்கும் கன்னமும் அதது இடத்தில் இருக்கும், பின்னால் கிடக்கிற அண்டா குண்டா எல்லாம் கலங்கிப் போகும். என் கேமராவில் இருந்தது அந்த மாதிரி லென்ஸ் இல்லை. அது எருமைக்குப் போதும்.

தேட ஆரம்பித்தேன். முகத்துக்குத் தோதாக எண்பத்தைந்து மில்லிமீட்டர் என்று மேலே பொறித்திருந்தால் யானை விலை குதிரை விலை சொல்கிறார்கள். பழைய கேமரா விற்கிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தேன். பெங்களூரில் ஒருவர் நல்ல விலைக்குப் போட்டிருந்தார், நான் 'இருக்கா?' என்று கேட்பதற்குள் வேறொருவன் கொத்திக்கொண்டு போய்விட்டான். மதுரையில் ஒன்று கிடைத்தது, அதன் மரை என் கேமராவில் ஏறாது. அதைவிட நீளமான நூற்று முப்பத்தைந்து மில்லிமீட்டர் என்றால் மலிவு, அதை அவ்வளவாக யாரும் சீந்துவதில்லை என்று குழுவில் ஒருவர் சொன்னார். சரி, சீந்தாத சரக்குதானே நமக்கு வாய்க்கும் என்று அதைத் தேடினேன்.

இதற்கிடையில் தரகர் இரண்டு தடவை கூப்பிட்டார். இரண்டு வரன் வந்ததாம், படம் இல்லாததால் போய்விட்டதாம். அக்கா வரனைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் நான் போனை நோண்டும்போதெல்லாம், "கெடச்சிட்டா?" என்று மட்டும் கேட்பாள். லென்ஸைக் கேட்கிறாளா வேறெதையாவது கேட்கிறாளா என்று நான் விசாரித்துக்கொள்ளவில்லை. எனக்குத் தைரியம் இல்லை.

கடைசியில் சரக்கு அச்சகத்துக்கே வந்தது. மகளுக்கு நிக்காஹ் பத்திரிகை அடிக்க பத்தமடையிலிருந்து ஒருவர் வந்திருந்தார், முன்னால் சவுதியில் இருந்தவர். நான் போனில் லென்ஸ் படம் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, "இது மாதிரி ஒண்ணு எங்க பீரோவுல கெடக்கே வே" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் பஸ்ஸில் பத்தமடையில் போய் இறங்கினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு தோல் கூட்டை எடுத்து வந்தார்.

"வித்துக் காசாக்கலாம்னு அங்கிருந்து கொண்டாந்தேன். இங்கன ஒருத்தனும் வாங்கல. உள்ள பூசணம் புடிச்சிருக்கு. நான் மறைக்க மாட்டேன், கேட்டியளா? பொறவு வந்து கொறை சொல்லப்படாது."

வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். கண்ணாடிக்குள்ளே ஓரத்திலிருந்து வெள்ளையாக நூல் நூலாகப் படர்ந்திருந்தது. நடுவில் லேசான புகை. நல்ல நிலையில் இருந்தால் இந்த விலைக்குக் கிடைக்காது, இந்த விலைக்கு மேல் என்னால் முடியாது. மரை என் கேமராவில் சுற்றி அழகாக உட்கார்ந்தது. அது போதும் என்று வாங்கிக்கொண்டேன்.

அந்த நூற்று முப்பத்தைந்துக்கு இடம் நிறைய வேண்டும். எங்கள் வீட்டுக்குள் நின்றால் அக்காவின் நெற்றியும் மூக்கும்தான் அடங்கும். அதனால் அவளைப் பின்வாசல் படியில் உட்காரவைத்துவிட்டு, நான் துணி துவைக்கிற கல்லையும் தாண்டிப் பக்கத்து வீட்டுச் சுவரில் முதுகு ஒட்ட நின்றேன். அக்கா சும்மா உட்காரவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போனைக் கிட்டே நீட்டினால் முகம் கட்டையாகப் போகிறவள், நான் அவ்வளவு தூரத்தில் நின்றதால் என்னை மறந்தேவிட்டாள்.

"அங்கன போயி நின்னு என்னத்தலே எடுக்க? என்னையா, நம்ம ஓட்டு வீட்டையா?" என்றாள். நான் பின்னால் நகர்ந்ததில் பக்கத்து வீட்டுக் கொடியில் காயப்போட்டிருந்த ஈரப் பாவாடை என் தலையில் விழுந்தது. அக்கா சிரித்தாள். அம்மா இருந்தபோது சிரிப்பாளே, தலையைப் பின்னால் சாய்த்து, அந்தச் சிரிப்பு. பாவாடையை ஒரு கையால் விலக்கிக்கொண்டே கேமராவின் பொத்தானை அமுக்கினேன்.

இங்கே ஃபிலிம் கழுவ ஆளில்லை. சென்னைக்குக் கூரியரில் அனுப்பிவிட்டுக் காத்துக்கிடந்தேன். படம் போனுக்கு வந்தபோது நான் அச்சகத்தில் இருந்தேன். பார்த்துவிட்டு எழுந்து தெருவுக்கு வந்துவிட்டேன், உள்ளே நிற்க முடியவில்லை. அந்தப் பூசணமும் புகையும் சேர்ந்து வெளிச்சத்தை லேசாகக் கசியவிட்டிருந்தன. மங்கு தெரியவில்லை. நரை வெயிலோடு வெயிலாகப் போயிருந்தது. மற்றதெல்லாம் அக்கா. அவள் கண், அவள் பல், அவள் சிரிப்பு.

அக்கா போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். "நானாலே இது?"

"நீதான். ஒண்ணும் தேய்க்கல, ஒண்ணும் பூசல. வந்தது வந்தபடி இருக்கு."

"நல்லாத்தான் இருக்கேன், என்ன?" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னாள். மருந்துக்கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் எடுத்து எடுத்துப் பார்ப்பாள் என்று அவளோடு வேலை பார்க்கிற பெண் பின்னால் என்னிடம் சொன்னாள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

தரகர், "ஏயப்பா! இதை மொதல்லயே தந்திருக்கப்படாதா வே?" என்றார். அந்த வாரமே வரன் வந்தது. அம்பாசமுத்திரத்துப் பக்கம். மனைவி இறந்தவர், பிள்ளை இல்லை. படத்தைப் பார்த்ததுமே அவருடைய அம்மாவுக்குப் பிடித்துவிட்டதாம். வீட்டுக்கெல்லாம் வேண்டாம், குறுக்குத்துறை முருகன் கோயிலில் தற்செயலாகப் பார்த்துக்கொள்கிற மாதிரி வைத்துக்கொள்வோம் என்று முடிவானது.

அக்கா அரக்கு நிறப் பட்டு கட்டியிருந்தாள். வழியெல்லாம் பைக்கில் என் தோளைப் பிடித்திருந்த கை சில்லென்று இருந்தது. அவளைப் படித்துறைப் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டு நான் அர்ச்சனைத் தட்டு வாங்கப் போனேன். திரும்பி வரும்போது தூரத்திலிருந்தே பார்த்தேன். வயதான ஒரு அம்மா அக்காவுக்கு முன்னால் நின்று போனை நீட்டிக்கொண்டிருந்தார். பின்னால் வெள்ளைச் சட்டையில் ஒருவர். அக்கா குனிந்து போனைப் பார்த்தாள். என்னவோ சொன்னாள். அட, பேசவே ஆரம்பித்துவிட்டார்களே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். நடுவில் போய்க் கெடுக்க வேண்டாம் என்று தட்டோடு அங்கேயே நின்றுகொண்டேன். வாழைப்பழத்தில் உட்கார வந்த ஈயை விரட்டிக்கொண்டு, மடையன் மாதிரி.

அவர்கள் அக்காவைக் கடந்து கோயிலுக்குள் போனார்கள். அக்கா என்னிடம் வந்தாள்.

"வா, வீட்டுக்குப் போவோம்."

"என்னக்கா? என்ன கேட்டாவ?"

"போன நீட்டி, 'ஏம்மா, இந்தப் புள்ள இங்கன வந்துச்சா, பாத்தியா'ன்னு கேட்டாவ."

அந்தப் போனில் இருந்தது நான் எடுத்த அதே படம்தான் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. "நீ என்ன சொன்ன?"

"பாக்கலியேன்னு சொன்னேன்."

தட்டை அப்படியே எறிந்துவிட்டு உள்ளே ஓடப் பார்த்தேன். கண்ணு அவிஞ்சா போச்சு அந்தப் பொம்பளைக்கு? அக்கா என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "உள்ள போயி என்னத்தச் சொல்லப் போற? இவதான் அவன்னு கையக் காட்டப் போறியா? அந்தம்மா நல்ல மாதிரியாத்தான் கேட்டாவ. பாவம், தேடுதாவ."

கிளம்பும்போது தரகர் போனில் கத்தினார். "என்னவே, பொண்ணு வரலியாமே? கோயில்ல காத்து நிக்காவ!" நான் போனை வைத்துவிட்டேன். ஆறு நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அதன் பிறகு நான் அவளோடு எவ்வளவோ சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன். அது பொய்ப்படம் இல்லை, நீ என்னிடம் சிரிக்கும்போது அப்படித்தான் இருக்கிறாய், தெரியாத ஆட்கள் முன்னால் விறைத்துக்கொண்டு நிற்கிறாயே அதுதான் பொய் என்றேன். "ஒன் கண்ணுக்கு அப்படி இருக்கு. ஒன் கண்ண எல்லாருக்கும் கழத்திக் குடுக்க முடியுமா?" என்று கேட்டாள். தன் போனிலிருந்து அந்தப் படத்தை அவள் அழித்துவிட்டாள். தரகரிடம் இனி வரன் பார்க்க வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். லென்ஸ் பீரோவில் சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது. அதைத் தொட்டாலே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

ஆனால் படம் எங்கள் கையில் இல்லை. தரகர் அதை எந்தெந்தக் குழுவிலெல்லாம் போட்டாரோ, அது போய்க்கொண்டே இருக்கிறது. கோவில்பட்டியிலிருந்து கூப்பிடுகிறார்கள், நாகர்கோவிலிலிருந்து கூப்பிடுகிறார்கள். முதல் தடவை சங்கரன்கோவிலிலிருந்து ஒரு பெரியவர் பேசினார். "படத்தைப் பாத்தோம் தம்பி. மகாலெச்சுமி மாதிரி இருக்கா. எங்களுக்கு வேற ஒண்ணும் வேண்டாம், பொண்ணத் தந்தாப் போதும்" என்றார். ஸ்பீக்கரில் போட்டுத் தொலைத்திருந்தேன். போனைக் கையால் பொத்திக்கொண்டு அக்காவைப் பார்த்தேன். அதே பின்வாசல் படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் முடிஞ்சிட்டுன்னு சொல்லிரு."

சொன்னேன். "அப்படியா? ரொம்ப சந்தோசம். எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

இப்போதெல்லாம் நான் தெருவுக்குப் போய் நின்றுதான் பேசுகிறேன். உள்ளே வந்ததும் அக்கா கேட்பாள்.

"என்ன சொன்னாவ?"

"நல்லா இருக்கட்டும்னு சொன்னாவ."

"ம்" என்பாள். கீரைத் தண்டை ஒடித்து முறத்தில் போடுவாள்.