பீலிக்கு வந்த நீலம்

தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் புதுக் குளியலறை கட்டி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, கூலி ஆட்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்குச் சொறி வந்துவிட்டது. அந்தப் பங்களாவில் ஆயா வேலை பார்த்தவள் நான். மேலே துரைசானியின் பிள்ளையைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுவேன். கீழே என் மூன்று வயது மகள், லயத்துக்கெல்லாம் பொதுவாக ஓடைத் தண்ணீர் கொட்டும் குழாயான பீலியில் குளித்துவிட்டு ரத்தம் வரும்வரை முதுகைச் சொறிவாள்.

பீலிக்குத் தண்ணீர் பங்களாப் பக்கத்து ஓடையிலிருந்துதான் வரும். அதில் சோப்பு வாடையும் அதைவிட மோசமான வாடையும் அடித்தன. துரைக்கு அடுத்த அதிகாரியான கண்டாக்கையாவிடம் போய்ச் சொன்னேன்.

"பங்களாக் கழிவெல்லாம் குழிக்குள்ள போகுது. ஒங்க ஊத்தைக்குத் தொரை மேல பழி போடுறியா?" என்றார்.

கடல் தாண்டி வந்த கூட்டம் என்று சொல்லி, எங்களுக்கு இந்த நாட்டில் வாக்குரிமை இல்லை என்று அப்போதுதான் ஆக்கியிருந்தார்கள். வாக்குப் போனால் மூக்குமா போய்விடும்? எனக்குக் கோபம் தலைக்கேறியது.

சலவைக்குப் போடும் நீலம் நான்கு பொட்டலம் கொட்டகலைக் கடையில் வாங்கினேன். பங்களா நீலத்தைத் தொடவில்லை. திருடி என்ற பேர் எனக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை, பெண்களெல்லாம் பீலியில் துவைக்கிற நேரம் பார்த்து, குளியல் தொட்டித் தண்ணீரில் அத்தனையையும் கரைத்து அடைப்பைப் பிடுங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஒரே கூச்சல். வேட்டி, சேலை, பிள்ளைகளின் தலை, எல்லாம் நீலம். ஓடையில் நீலம் வந்த வழியைப் பிடித்துக்கொண்டே பெண்கள் ஈரத்துணியோடு பங்களா வாசலுக்கு வந்துவிட்டார்கள். கண்டாக்கையா மூச்சிரைக்கப் பின்னால் ஓடிவந்தார். துணிகளைப் பார்த்தார், பிறகு குழி இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"யார் செய்தது?" என்று துரை கத்தினார். அவர் பின்னால் துரைசானி பிள்ளையோடு வந்து நின்றார்.

என் கை முழங்கைவரை நீலம். "நாந்தாங்க" என்றேன்.

"அம்மாகிட்ட மன்னிப்புக் கேளு!" கண்டாக்கையா பல்லைக் கடித்தார்.

"கேக்குறேங்க. அம்மா அவுங்க பாப்பாவ ஒரே ஒரு தடவ எங்க பீலியில குளிப்பாட்டட்டும். அப்பறம் காலுல விழுந்தே கேக்குறேன்."

துரைசானி தன் பிள்ளையைச் சட்டென்று இழுத்து அணைத்துக்கொண்டார். அவருக்குத் தமிழ் அரைகுறை. இது முழுசாகப் புரிந்தது.

அன்றே என் வேலை போனது. மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கொழுந்துக் கூடையோடு நின்றேன். பத்தே நாளில் பங்களாக் குழாயைத் திருப்பி, ஓடைக்கு எட்டாத இடத்தில் ஆழமாகக் குழி வெட்டினார்கள். வெட்டியதும் எங்கள் ஆட்கள்தான். மகளின் முதுகு மெல்ல ஆறியது.

அந்த மன்னிப்பை நான் இன்னும் கேட்கவில்லை.