ஹெலிகொப்டரை நான் விழுத்திய நாள்

ஒரு பிடி ஈரமண்ணால் ஒரு ஹெலிகொப்டரை விழுத்தியவன் நான். எட்டு வயதில், கரவெட்டியில், எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றபடியே அதைச் செய்தேன். அன்று பின்னேரம் தொடங்கி இருட்டும்வரை இதை முழுமனதாக நம்பினேன்.

நம்பியதற்கு ஆதாரமும் இருந்தது. எங்கள் ஆடு ஒருநாள் வேலியில் ஆள் நுழைய விட்டிருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து பக்கத்து வீட்டு மாமியின் மிளகாய்க் கன்றுகளை மேய்ந்துவிட்டது. மாமி ஒரு பிடி மண்ணை அள்ளி எறிந்து, "நாசமாய்ப் போ" என்று திட்டினார். அடுத்த கிழமை ஆடு செத்துப்போனது. அன்றோடு பொட்டு ஓலையால் அடைக்கப்பட்டது. அம்மாவும் மாமியும் முகம் பார்ப்பதில்லை. மண் அள்ளித் திட்டினால் பலிக்கும் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

அது மாரிகாலம். ஊரெல்லாம் வெள்ளம். பாதை மூடிக் கிடந்ததால் கொழும்பிலிருந்து பெரிய அதிகாரிகள் ஹெலிகொப்டரில் வெள்ளம் பார்க்க வந்தார்கள். அப்பா அரச அலுவலகமான கச்சேரியில் கிளாக்கர். வெள்ளப் பைல் அவர் கையில் இருந்ததால், அவரும் கூடப் போகவேண்டும் என்று உத்தரவு. அம்மா இதை எங்கள் ஒழுங்கையில் இருந்த எல்லா வீடுகளிலும் சொல்லிவிட்டார். சிலரிடம் இரண்டு தரம். அப்பா மட்டும் அன்று காலை தேத்தண்ணியைத் தொடவில்லை. வானத்தைப் பார்த்தார். குடையை எடுத்தார், வைத்தார், பிறகும் எடுத்தார்.

"ஹெலிக்குள்ளை என்னத்துக்கப்பா குடை?" என்று அம்மா சிரித்தார்.

அப்பா போவது எனக்கும் தெரியும்தான். ஆனால் ஹெலிச் சத்தம் கேட்டால் எனக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும். அந்த யுத்த நாட்களில் வானத்தில் அந்தச் சத்தம் வந்தால் துவக்குச் சூடும் வரும். ஆகவே, அன்று காலை சத்தம் கேட்டதும் வழமைபோல வளவுக்குள் பதுங்குவதற்கு வெட்டியிருந்த பங்கருக்குள் பாய்ந்தேன். பங்கருக்குள் வெள்ளம். எனக்கு முன்பே அங்கே குடியேறியிருந்த தவளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே பாய்ந்தன. கழுத்தளவு தண்ணீரில் நின்று தேவாரம் சொன்னேன். பாதியில் வாய்ப்பாடு கலந்துவிட்டது.

ஒருவரும் சுடவில்லை. ஹெலி பனைகளுக்கு மேலால் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. களிசானால் சேறு வழிய மேலே ஏறி வந்தபோது பயம் போய் வெட்கம் வந்தது. வெட்கம் போய்க் கோபம் வந்தது. மாமி செய்ததுபோலவே குனிந்து மண்ணை அள்ளி எறிந்தேன். "நாசமாய்ப் போ! விழுந்து போ!" முக்கால்வாசி மண் என் தலையிலேயே விழுந்தது.

அம்மா குசினியிலிருந்து ஓடிவந்து சேலைத் தலைப்பை வீசினார். "உதிலைதான்ரா அப்பா போறார்! கையைக் காட்டு, கையைக் காட்டு!"

காட்ட எனக்குக் கை இருந்தது. கையில் மண்ணும் இருந்தது.

மத்தியானம் மழை இறங்கியது. பின்னேரச் செய்தியில், அரச உயர் அதிகாரிகள் பயணம் செய்த ஹெலிகொப்டர் வடக்கே விழுந்துவிட்டதாகவும் ஒருவரும் தப்பவில்லை என்றும் ரேடியோ சொன்னது. பெயர்களை வாசிக்கத் தொடங்கும்போது பற்றறி போய், செய்தி வாசித்தவரின் குரல் நுளம்பின் ரீங்காரமாகிப் பிறகு அதுவும் இல்லாமல் போனது. அம்மா பற்றறிகளைக் கழற்றி அடுப்படியில் சூடாக்கினார். பல்லால் கடித்துப் பார்த்தார். பிறகு அவற்றைக் கையில் பிடித்தபடி "ஐயோ" என்று ஒரு சத்தம் வைத்தார். அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

நான் ஒரு சிரட்டையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். எறிந்த மண்ணைத் திருப்பி அள்ளிவிட்டால் சாபமும் திரும்பிவிடும் என்பது என் கணக்கு. எது எறிந்த மண், எது எறியாத மண் என்று மழைக்குள் தெரியவில்லை. முற்றம் முழுவதையும் அள்ளுவதென்று முடிவெடுத்தேன்.

அப்போது பொட்டை அடைத்திருந்த ஓலை சரசரவென்று பிய்ந்தது. மாமி, டோர்ச் லைற்றும் கையுமாக.

"மழைக்குள்ளை என்னடா செய்யிறாய்?"

"மாமி, எறிஞ்ச மண்ணைத் திருப்பி அள்ளினா சாபம் போகுமோ?"

"ஆரைத் திட்டினனி?"

"ஹெலியை."

மாமி டோர்ச்சை என் சேற்றுத் தலையில் பிடித்தார். "எட விசரா! என்ரை வாயிலை வந்ததெல்லாம் பலிச்சிருந்தா உங்கடை வீட்டிலை ஒரு கோழியும் மிஞ்சியிராது. உங்கடை ஆடு அலரி இலை திண்டெல்லோ செத்தது. கொம்மாவிட்டை மட்டும் சொல்லிப்போடாதை. அவள் என்னிலை கொஞ்சம் பயத்தோடை இருக்கட்டும்."

எங்கள் வீட்டுக்குள் வந்து, டோர்ச்சுக்குள் இருந்த பற்றறிகளை எடுத்து எங்கள் ரேடியோவுக்குள் போட்டார். பல மாதம் கதைக்காத அம்மாவும் மாமியும் கையைக் கோர்த்தபடி அடுத்த செய்திக்காக இருந்தார்கள்.

செய்திக்கு முன் சைக்கிள் மணி கேட்டது. அப்பா, தெப்பமாக நனைந்து வந்தார். குடை விரிக்கப்படாமல் கையிலேயே இருந்தது.

அம்மா அழுதார், சிரித்தார், அப்பாவின் தோளில் அடித்தார். "வயித்துக்குள்ளை சரியில்லாமல் போச்சுது, அதுதான் ஏறேல்லை" என்றார் அப்பா. ரேடியோ பெயர்களை வாசித்தது. செயலாளர்கள், பணிப்பாளர்கள், ஹெலி ஓட்டிகள். மாமியின் வாயில் நுழையாத பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் "ஆர் பெத்த பிள்ளையோ" என்றார். கடைசியாக வந்த பெயர் எங்களுக்குத் தெரிந்தது. கச்சேரியில் அப்பாவுக்குப் பக்கத்து மேசைக்காரர். அப்பா ரேடியோவை நிறுத்தினார்.

எனக்கோ சந்தோசம் தாங்க முடியவில்லை. அப்பாவைக் கட்டிப்பிடித்து, மண் அள்ளியதையும் ஹெலியை விழுத்தியதையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

அப்பா என் தலையிலிருந்த சேற்றைத் துடைத்தார். "நீ இல்லையடா" என்றார்.

மன்னிப்புக் கிடைத்துவிட்டதென்று துள்ளி ஓடிப்போய், வயிற்றுவலிக்கு அம்மா வைத்திருந்த ஓமத் தண்ணீரை எடுத்துவந்து கொடுத்தேன். ஒரு சொட்டு விடாமல் குடித்தார். அன்று இரவு சாப்பிடவில்லை. வயிறு இன்னும் சரியாகவில்லை என்று நினைத்துக்கொண்டு, அவருடைய பங்குப் பொரியலையும் நானே சாப்பிட்டேன்.

பல வருடங்களுக்குப் பிறகு அப்பா இறந்து, எட்டுச் செலவு முடிந்த அன்றுதான் அம்மா சொன்னார். அன்று அப்பாவின் வயிற்றில் ஒரு நோவும் இருக்கவில்லை. ஹெலிக்குக் கிட்டப் போனதும் பயத்தில் கால் ஏறவில்லை. வயிற்றுவலி என்று சொன்னார். பக்கத்து மேசைக்காரர் பைலை வாங்கிக்கொண்டு அவருக்குப் பதிலாக ஏறினார்.