தங்கச்சியின் மாத்திரை

இலோயிலோ நகரச் சந்தைக்கு எதிரே இருக்கும் பல் மருத்துவமனையில் லுஸ்மிண்டா பத்தொன்பது வருஷமாக உதவியாளர். ரத்த அழுத்தம் பார்க்காமல் யாரையும் நாற்காலியில் சாயவிட மாட்டாள். "கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளைக்கு பிரஷர் பாத்துட்டுதான் சாப்பிட உட்காருவா" என்று டாக்டர் ஹிலாரியோ கேலி செய்வார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, மீன் விற்கும் நெனிதா கடைவாய்ப் பல்லை எடுக்க வந்தாள்.

"அக்கா, தினமும் மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"மாத்திரையா? தினமும் மீனும் சோறும் தவிர இந்தத் தொண்டைக்குள்ள எதுவும் எறங்காது."

லுஸ்மிண்டா சிரித்துக்கொண்டே படிவத்தில் 'இல்லை' என்று எழுதினாள். ரத்த அழுத்தமும் சரியாகத்தான் இருந்தது.

மரத்துப்போகச் செய்யும் மருந்தில், ரத்தக் குழாயைச் சுருக்கும் அட்ரினலினும் கலந்திருக்கும். டாக்டர் இரண்டாவது ஊசியைப் போட்டுச் சில நிமிஷம்கூட ஆகவில்லை, நெனிதா பின்னந்தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"லுஸ்மி, தல வெடிக்குதே!"

நாடி படபடக்கும் என்று நினைத்து மணிக்கட்டைப் பிடித்தாள் லுஸ்மிண்டா. அதுவோ நின்று நின்று அடித்தது. நிமிஷத்துக்கு நாற்பத்திரண்டு. அழுத்தம் இருநூற்றுப் பத்து.

"டாக்டர், பிரஷர் எகிறுது, நாடி எறங்குது!"

"இன்னைக்கு என்ன மாத்திரை சாப்பிட்டீங்க? மறைக்காம சொல்லுங்க!" என்றார் டாக்டர்.

"தங்கச்சியோட நெஞ்சுப் படபடப்பு மாத்திரை... ரெண்டு. பல்லு புடுங்கப் பயமா இருந்துச்சு டாக்டர்..."

டாக்டரின் முகம் வெளுத்தது. அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது அட்ரினலின், ரத்தக் குழாய்களைச் சுருக்கும். அதை ஈடுகட்ட வேறு குழாய்கள் விரியாமல் அழுத்தம் எகிற, இதயம் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நாற்காலியை நிமிர்த்தி ஆக்சிஜன் வைத்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். லுஸ்மிண்டா நாடியிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. கால் மணி நேரத்தில் அழுத்தம் இறங்கத் தொடங்கியது. பெரிய மருத்துவமனையில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

"உன் மேல தப்பில்ல" என்றார் டாக்டர். ஆனால் நெனிதா பொய் சொல்லவில்லை என்பதுதான் லுஸ்மிண்டாவை அரித்தது. தினமும் சாப்பிடுவதைக் கேட்டாளே தவிர, அன்று காலை விழுங்கியதைக் கேட்கவில்லை. மறுநாளே படிவத்தில் அந்தக் கேள்வியைச் சேர்த்தாள். மனசு ஆறவில்லை.

மூன்று வாரம் கழித்து நெனிதா திரும்பி வந்தாள். "நீ கையப் புடிச்சிக்கோ, அப்பதான் வாயத் தொறப்பேன்."

இந்த முறை அட்ரினலின் இல்லாத மருந்து. பல் சுலபமாக வந்துவிட்டது. நெனிதா பஞ்சைக் கடித்தபடி கண்ணால் சிரித்தாள். லுஸ்மிண்டா கருவிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போய்க் குழாயைத் திறந்தாள். இடுக்கியைக் கழுவி வைத்தாள். பிறகு அடுத்தவரின் படிவத்தோடு வெளியே வந்து, "இன்னைக்குக் காலையில ஏதாவது மாத்திரை விழுங்கினீங்களா?" என்று முதல் கேள்வியாகக் கேட்டாள்.