சத்தமாகப் படித்த தீர்ப்பு

சுண்ணாம்புக்கல் லாரியின் ஹாரன் அலறும்போதெல்லாம் அந்த முன்னாள் ராணுவ வீரரின் முகம் வந்து நிற்கிறது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸை உரசுவதுபோல் அப்படியொரு லாரி கடந்தது. எல்லோரும் திடுக்கிட்டோம், பக்கத்தில் இருந்த அவர் மட்டும் இமைக்கவில்லை. நரைத்த மீசை, கழுத்துப் பொத்தான்வரை போட்ட வெள்ளைச் சட்டை. யார் பேசினாலும் உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, பேசுகிறவரின் உதட்டையே பார்ப்பார்.

தபாலில் வந்த காகிதத்தை என்னிடம் நீட்டினார். "இங்கிலீஷ்ல இருக்கு, படிச்சுச் சொல்லுங்க சார். பீரங்கிப் படையில பதினேழு வருசம். காது போனதுக்கு பென்ஷன் கேட்டு மேல்முறையீடு போட்டிருந்தேன்."

படித்தேன். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் மெல்லச் சொன்னேன்.

"ஆங்?"

மறுபடி சொன்னேன்.

"ஆங்?"

மூன்றாம் முறை கத்தினேன். "ராணுவ வேலையால உங்க காது கெடலயாம்! மனுவத் தள்ளிட்டாங்க!"

"டிரைவருக்கே கேட்டுருச்சு சார்," என்று சிரித்த கண்டக்டர், அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். பஸ் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தத் தீர்ப்பை நானே எழுதியதுபோல் கூசினேன். அவர் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

அரியலூரில் எனக்கு முன்னால் இறங்கினார். அவர் முதுகைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது: "விட்டுராதீங்க, இன்னொரு தடவ மேல்முறையீடு போடலாம்."

திரும்பியவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஆமாங்க சார், மழ வரும்போலதான் இருக்கு. பாத்துப் போங்க."