எடைமேடை கம்ப்யூட்டரில் நான் நீக்கிய ஜாவா

“என்னம்மா, எடை போடுற ஐகானையே காணோம்?”

ரஹ்மான் பாய் இப்படிக் கேட்டபோது நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவர் திருவிடைமருதூர் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் மேனேஜர். எடைமேடை ரூமில் இருந்த லினக்ஸ் கம்ப்யூட்டரில் டிஸ்க் நிறைந்துவிட்டது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார். கும்பகோணத்தில் பத்துப் பேருக்கு இந்த வேலை சொல்லிக் கொடுத்தவள் நான். டிஸ்கில் இடம் காலி செய்து கொடுத்துவிட்டேன் என்ற மிதப்பில் இருந்தேன்.

வெளியே எடைமேடை மேல் ஒரு டிராக்டர் நின்றது. டிரெய்லர் நிறைய சம்பா நெல். குத்தாலத்திலிருந்து கோவிந்தசாமி என்பவர் கொண்டுவந்திருந்தார். குத்தகை நிலம், ஒரு வருஷப் பாடு மொத்தமும் அந்த டிரெய்லரில். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

rc என்ற இரண்டு எழுத்து

பையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். மெஷினில் உள்ள புரோகிராம்களின் பட்டியலைப் பார்க்க `dpkg -l` அடித்தேன். எடை புரோகிராமின் பெயருக்கு முன்னால் rc என்று இருந்தது. புரோகிராம் போய்விட்டது, செட்டிங்ஸ் மட்டும் மிச்சம் என்று அர்த்தம்.

நடந்தது இதுதான். பழைய ஜாவா ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. இந்தக் காலத்தில் இதை யார் வைத்திருக்கிறார்கள் என்று நானே முடிவு செய்து `sudo apt remove -y openjdk-8-jre` என்று கொடுத்து நீக்கினேன். எடை புரோகிராம் அந்த ஜாவாவை நம்பித்தான் ஓடுகிறது. நான் கொடுத்த கட்டளை ஜாவாவோடு அதையும் சேர்த்துத் தூக்கிவிட்டது. என்னென்ன போகப்போகிறது என்று திரையில் பட்டியல் வந்தது. -y போட்டால் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே சரி சொன்ன மாதிரி. நான் பட்டியலைப் பார்க்கவே இல்லை, டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

ஜாவாவைத் திரும்பப் போடுவது பெரிய வேலை இல்லை. ஆனால் எடை புரோகிராம் நெட்டில் கிடைக்கிற சரக்கு இல்லை. செய்து கொடுத்தவர் திருச்சியில் இருந்தார். போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன்.

“பாய், மீட்டர்ல எடை தெரியுதே, கையால எழுதிக் குடுத்துடலாமா?” என்றேன்.

“ஆகாதும்மா. கம்ப்யூட்டர் சீட்டு இல்லாம ஒரு மூட்டைகூட உள்ள எறக்கக் கூடாதுன்னு மொதலாளி ஆர்டர். போன வருஷம் கைச்சீட்டுல எடைய மாத்தி எழுதி நடந்த கூத்து உங்களுக்குத் தெரியாது.”

மழை பிடித்துக்கொண்டது. கோவிந்தசாமியின் தார்ப்பாய் டிரெய்லரின் பின்பாதிக்கு எட்டவில்லை. தோளில் கிடந்த துண்டையும் எடுத்து நெல் மேல் விரித்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனைக் காதில் வைத்திருந்தேன்.

திருச்சிக்காரர் ஒருவழியாக எடுத்து, ஃபைலை மெயிலில் அனுப்பினார். புரோகிராமைப் போட்டேன். சீட்டு வந்தது. அதற்குள் மழையே விட்டுவிட்டது.

ரஹ்மான் பாய் நெல்லுக்குள் கையை விட்டுப் பார்த்தார். “ஈரம் ஏறிப்போச்சுங்க. காலையில சொன்ன வெலைக்கு இது போகாது.”

கோவிந்தசாமி என்னிடம் வந்தார். “ரொம்ப நன்றிம்மா. நீங்க இல்லேன்னா இன்னிக்குப் பூரா இங்கயே கெடந்துருப்பேன்.”

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. “ஐயா, அது தானா கெடலைங்க. நான்தான் பாக்காம அழிச்சிட்டேன். உங்க நெல்லு நனைஞ்சது என்னாலதான்.”

“அட விடுங்கம்மா. மெஷின்னா மக்கர் பண்ணத்தான் செய்யும். நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

என் கிளாஸ் பிள்ளைகளுக்கு

எதையும் நீக்குவதற்கு முன் `apt rdepends --installed` என்று அடித்து, பக்கத்தில் அதன் பெயரைப் போட்டுக் கேளுங்கள். இந்த மெஷினில் யாரெல்லாம் அதை நம்பி இருக்கிறார்கள் என்று சொல்லும். `apt remove -s` என்றால் எதையும் தொடாமல், என்ன போகும் என்று மட்டும் காட்டும். -y போடாதீர்கள். இதெல்லாம் எனக்கு அன்றைக்கும் தெரியும். கிளாஸில் நானே நடத்தியது. தெரிந்தும் கேட்காமல் விட்டதுதான் இன்றும் உறுத்துகிறது.

அன்று கிளம்பும்போது கோவிந்தசாமி டிரெய்லர் மேல் ஏறி, நனைந்த நெல்லைத் தனியாக அள்ளிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். சாக்கைப் பிடிக்கலாம் என்று போய்க் கையை நீட்டினேன்.

“வேணாம்மா, சேறு. நீங்க கம்ப்யூட்டர் தொடுற கை” என்றார்.

நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.