ஈசானி மூலைக் கவுளி

மகன் குளிர் தேசத்தில் வேலையில் இருக்கிறான். அங்கே வீட்டுக்கு வீடு மச்சில் வட்டமாக ஒரு கருவி இருக்குமாம், புகை வந்தால் கத்துமாம். போன லீவுக்கு எங்கள் ஊர் எருத்தேன்பதிக்கு வந்தவன் அதில் ஒன்றைக் கொண்டுவந்து கூடத்தில், ஈசானி மூலையில் இருக்கிற சாமி மாடத்துக்கு மேலே மாட்டினான். வேறு மாதிரி ஒன்றை, குளியலறை கேஸ் ஹீட்டருக்குப் பக்கத்து நடையில் மாட்டினான். அது விஷ வாயுவுக்கு. கரியோ கேஸோ சரியாக எரியாவிட்டால் அந்த வாயு வருமாம். நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது, ஆளை அப்படியே தூங்கவைத்துவிடுமாம்.

"மூணு மூணாக் கத்துனா பொகை, நாலு நாலாக் கத்துனா வாயு. நாலு கேட்டா எதையும் எடுக்காம எல்லாரும் வாசலுக்குப் போயிருங்க" என்று பாடம் சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டான்.

நான் வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி போடுகிறவள். அவன் போன முதல் வெள்ளியே, முருகன் படத்துக்கு ஒரு சுற்றுக் காட்டுவதற்குள் மூணு மூணாகக் கத்தியது. எங்கள் வீட்டுக்காரர் தோள் துண்டை எடுத்து அதற்கு விசிறினார். சாமிக்கு நான் தூபம் காட்ட, அவர் அதற்குச் சாமரம் வீசினார்.

அதன்பிறகு எதற்குக் கத்துகிறது என்று கண்டுபிடிப்பதே எங்களுக்கு வேலையாகிவிட்டது. கத்தினால் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் மோப்பம் பிடித்துக்கொண்டு போவோம். ஒருநாள் மிளகாய் தாளித்த நெடி. ஒருநாள் அவரே அதன் அடியில் வைத்த கொசுவர்த்தி. ஒரு மழைநாள் சாத்திய வீட்டுக்குள்ளேயே தூபக்கால் கரியைப் பற்றவைத்தேன், நடையில் இருந்தது நாலு நாலாகக் கத்தியது. வாசலுக்கு ஓடி, மழையில் நனைந்துகொண்டே மகனுக்குப் போன் செய்தோம். எப்போதும் சிரிக்கிறவன் அன்றைக்குச் சிரிக்கவில்லை, நன்றாகத் திட்டினான். இப்போது கரியை வாசலில்தான் கனியவைக்கிறேன். கதவு சன்னலெல்லாம் திறந்துவைத்துக் காட்டிவிட்டு, உடனே வாசலுக்கே கொண்டுபோய்விடுகிறேன்.

இப்படி அதன் பாஷையெல்லாம் படித்துவிட்டோம் என்று இருந்த சமயத்தில்தான் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள்.

மகள் கோயமுத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பையனும் அங்கேதான். அவளுக்குப் பிடித்திருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அந்த வாரம் முழுக்க என்னிடம் ஒரு சண்டைகூடப் போடவில்லையே, அதிலேயே தெரிந்துகொண்டேன். ஜாதகம் சுமாராகத்தான் பொருந்தியது. பையனின் அம்மா என்னைப் போலவே சாமி, சகுனம் பார்க்கிறவர். எல்லாம் பேசி முடித்த பிறகும், மனசு ஒரு நிலைக்கு வரவில்லை, சாமி ஒரு வார்த்தை சொன்னால் தேவலை என்று கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார்.

கூடம் அமைதியாக இருந்தது. அப்போது மேலே "க்ளிக்" என்று ஒரு சத்தம்.

"கவுளி சொல்லுது" என்று அந்த அம்மா கண்ணைத் திறந்தார். பல்லி சொன்னால் தரையை விரலால் தட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் தட்டினார், நானும் தட்டினேன். எந்தத் திக்கு என்று கேட்டார். ஈசானி மூலை என்றேன். முகம் மலர்ந்துபோனது. திரும்ப ஒரு தடவை சொன்னது. திரும்பத் தட்டினோம். நல்லநாள் பார்த்துச் சொல்கிறோம் என்று காரில் ஏறிப் போனார்கள்.

அவர்கள் போன பிறகும் கவுளி நிற்கவில்லை. பாத்திரம் கழுவும்போது சொன்னது, விளக்கு வைக்கும்போது சொன்னது. ஒவ்வொரு தடவையும் தட்டித்தட்டி என் விரல் நோவெடுத்தது. "நம்மூட்டுக் கவுளிக்கு விக்கல் புடிச்சிருக்குது அம்மிணி, தண்ணி வெய்யி" என்றார் வீட்டுக்காரர். மறுநாள் காலையில் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பார்த்தார். அவர் காதுக்குப் பக்கத்திலேயே "க்ளிக்" என்றது அந்த வட்டக் கருவி.

மகனைக் கேட்டால், பேட்டரி தீர்ந்தால் அப்படித்தான், மாற்றுகிற வரைக்கும் விட்டுவிட்டுச் சத்தம் கொடுக்கும் என்றான். புதுசு போட்டதும் கவுளி ஊமையாகிவிட்டது.

எனக்கு மனசு ஒப்பவில்லை. பேட்டரி சொன்னதைச் சாமி சொன்னதாக வைத்து ஒரு வீட்டுக்குப் பெண்ணை அனுப்புவதா? பேட்டரிக்குள்ளும் அந்த முருகன்தானே இருக்கிறான் என்று வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார். அவர்களிடம் சொன்னால் இந்த இடம் தட்டிப்போகலாம், அது மகளுக்கும் தெரியும். துவைத்த துணியை மடித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"சொல்லீருங்கம்மா. நாளைக்கு அந்த ஊட்டுல ஒண்ணு சரியில்லாமப் போனா, இதுதான் எனக்கு மொதல்ல ஞாபகம் வரும்."

பையனின் அம்மாவுக்குப் போனில் சொன்னேன். வெள்ளிக்கிழமை நான் மட்டும் வருகிறேன், நிஜக் கவுளியையே கேட்டுவிடலாம் என்றார்.

வந்தார். ட்யூப்லைட் பின்னால் எங்கள் வீட்டுப் பல்லிகள் இரண்டும் இருந்தன. மற்ற நாளில் தொண்டை கிழியக் கத்துகிறவை, அன்றைக்கு ஒரு பூச்சியை முறைத்துக்கொண்டு மௌனவிரதம். காப்பி கொடுத்தேன், குடித்தார். முறுக்கு வைத்தேன், சத்தம் வராமல் கடித்தார். எங்கள் வீட்டுக்காரர் இருமலைக்கூட அடக்கிக்கொண்டார். நான் உள்ளுக்குள் முருகனைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

மகள் சமையல்கட்டில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். கவனம் இங்கே இருந்திருக்கும், எண்ணெய் காய்ந்து புகைந்துவிட்டது. மூணு மூணாகக் கத்தியதே பார்க்கவேண்டும். அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார். பல்லிகள் உத்தரத்துக்குள் ஓடி ஒளிந்தன. வீட்டுக்காரர் துண்டோடு ஓடினார்.

ஓய்ந்த பிறகு, இது எதற்கெதற்குக் கத்தும் என்று அந்த அம்மா விசாரித்தார். தாளிப்பு, கொசுவர்த்தி, சாம்பிராணி, பேட்டரி எல்லாம் சொன்னேன். நடையில் இருப்பதையும் காட்டி, மழையில் நின்ற கதையையும் சொன்னேன்.

"கண்ணுல பொகை பட்டா அழுகறது, வயிறு காஞ்சா சிணுங்கறது. கைக்கொழந்தையாட்டத்தானுங்க இருக்குது" என்று சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பஜ்ஜியைத் தின்றுவிட்டு ஒருதரம் உத்தரத்தைப் பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை.

"ஏனுங்க, கவுளி வேண்டாம்னும் ஒண்ணுஞ் சொல்லலீங்களே."

"இல்லீங்க."

"அதுவுஞ் சொல்லாட்டிப் போகுது. பேட்டரின்னு நீங்க போன் போட்டுச் சொன்னீங்கல்ல, எனக்கு அது போதுமுங்க. பூ இருந்தாக் கொண்டாங்க, புள்ளைக்கு வெச்சுட்டுப் போறேன்."

சாமி மாடத்திலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்துக் கொடுத்தேன். கையெல்லாம் கடலைமாவோடு மகள் வந்து குனிந்து நின்றாள். வீட்டுக்காரர் துண்டைக் கீழே போடவே இல்லை, மச்சைப் பார்த்து விசிறிக்கொண்டே நின்றார்.